கைமூட்டு வலிக்கிறது, பின்னலை மூட்டை கட்டி வைத்துவிடலாமா?

கை மூட்டுகளுக்குச் சிகிச்சை தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் வேலையில் நான் அடிக்கடி கேட்கும் ஒரு வரி: "ஆர்த்ரைட்டிஸ் (மூட்டுவாதம்) வந்துவிட்டதே, இனிமேல் பின்னல் ஊசியைத் தொடவே கூடாதாமே." யார் சொன்னது என்று கேட்டால் பெரும்பாலும் மருத்துவர் சொல்லியிருக்க மாட்டார். தெரிந்தவர்கள் யாராவது சொல்லியிருப்பார்கள், இல்லாவிட்டால் வலிக்குப் பயந்து அவர்களே எடுத்த முடிவாக இருக்கும்.

மூட்டின் உள்ளே எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்த ஓட்டம் கிடையாது. அதைச் சுற்றியிருக்கும் மூட்டுத் திரவத்திலிருந்துதான் அதற்குச் சத்து போகிறது, அந்தத் திரவம் உள்ளே போய் வெளியே வர மூட்டு அசைய வேண்டும். ஆகவே அசைக்காமல் பத்திரமாக வைத்திருந்தால் மூட்டு தப்பிக்கும் என்பது தப்புக் கணக்கு. விறைப்புதான் கூடும், விரலைச் சுற்றியுள்ள தசையும் இளைத்துப்போகும். வருகிறவர்களைப் பின்னச் சொல்லி உட்கார்ந்து கவனித்தால், வலிக்குக் காரணம் பெரும்பாலும் ஊசியைப் பிடிக்கிற பிடியில்தான் இருக்கிறது.

முதலில் எந்த வகை மூட்டுவாதம் என்று தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் அறிவுரை மாறும். வயதோடு வரும் மூட்டுத் தேய்மானம் என்றால் நகத்தை ஒட்டிய கணுவிலும் நடுக் கணுவிலும் கெட்டியான புடைப்பு தெரியும், கட்டைவிரலின் அடியில் வலிக்கும், காலை விறைப்பு பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். சரவாங்கி என்று சொல்லும் ருமட்டாய்டு வகை வேறு. மணிக்கட்டும், விரல்கள் உள்ளங்கையோடு சேரும் முட்டிகளும் இரண்டு கையிலும் சேர்ந்தாற்போல் வீங்கும், காலையில் ஒரு மணி நேரம்கூடக் கை மடங்காது. இதற்கு மருந்துதான் முதல் வேலை, பின்னலெல்லாம் அப்புறம். வீக்கம் ஏறி மூட்டு சூடாக இருக்கும் நாட்களில் ஊசியை எடுக்க வேண்டாம். அடங்கிய நாட்களில் தாராளமாகப் பின்னலாம்.

சரி, பிடிக்கு வருவோம். பின்னும்போது உங்கள் வலது கட்டைவிரலை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். நகத்தின் நுனி வெளுத்திருக்கிறதா? மேல் கணு வில்லைப்போலப் பின்பக்கம் வளைந்து நிற்கிறதா? அப்படியானால் ஊசியை நசுக்கிப் பிடித்திருக்கிறீர்கள். கட்டைவிரல் நுனியில் ஒரு கிலோ அளவு அழுத்தினால், அதன் அடி மூட்டில், மணிக்கட்டை ஒட்டிய அந்தக் குழிவான இடத்தில், கிட்டத்தட்ட பன்னிரண்டு கிலோ விழும் என்பது பழைய உயிரியக்கவியல் கணக்கு. ஒவ்வொரு கண்ணிக்கும், அதாவது ஊசியில் போடும் ஒவ்வொரு நூல் வளையத்துக்கும், இந்தச் சுமை என்றால், ஒரு ஸ்வெட்டரில் எத்தனை ஆயிரம் கண்ணி என்று பின்னுகிறவர்களுக்கே தெரியும்! சோதித்துப் பார்க்க எளிய வழி, பின்னிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இருப்பவரை ஊசியை மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். வழுக்கிக்கொண்டு வர வேண்டும், வராவிட்டால் பிடி இறுக்கம்.

நூல் பிடிக்கும் விரலும் இப்படித்தான். சிலர் சுண்டுவிரலில் இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்துப் பிடிப்பார்கள், பின்னி முடித்தால் தோலில் வரி பதிந்திருக்கும். ஒரு சுற்றைக் குறைத்தாலே பாதி வலி போய்விட்டது என்று சொன்னவர்கள் உண்டு.

ஊசியைப் பொறுத்தவரை நீளமான நேர் ஊசியைவிட, இரண்டு குட்டை ஊசிகளை வளையும் கேபிளால் இணைத்த வட்ட ஊசி பல படி மேல். நடுவில் இருக்கும் கேபிளில் துணியின் பாரம் மடியில் உட்கார்ந்துவிடும், நேர் ஊசியிலோ பாதி ஸ்வெட்டரும் நுனியில் தொங்கி மணிக்கட்டைத் திருகும். 4 முதல் 6 மில்லிமீட்டர் வரை தடிமன் பலருக்கு ஒத்துவருகிறது. 2 மில்லிமீட்டர் ஊசியை விரல் நசுக்கும், 10-க்கு மேல் போனால் முழுக் கையும் அசைய வேண்டியிருக்கும். மூங்கிலா உலோகமா என்பதற்கு ஒரே பதில் கிடையாது. மூங்கில் எடை குறைவு, கைக்குச் சில்லென்று இருக்காது, ஆனால் இறுக்கிப் பின்னுகிறவருக்கு அதில் கண்ணி நகராமல் தள்ளித் தள்ளியே விரல் நோகும். உலோகத்தில் வழுக்கும், வழுக்குமோ என்று பயந்து இன்னும் கெட்டியாகப் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள், ஆகவே இரண்டையும் பிடித்துப் பார்த்து முடிவெடுங்கள். நூலில் எனக்குத் தயக்கமே இல்லை: பருத்தி நூல் கொஞ்சமும் நீளாது, அந்த விறைப்பு முழுவதும் விரலுக்கு வரும். உல்லன் நூல் இழுத்தால் கொடுக்கும்.

பின்னும் பாணியையும் மாற்றிப் பார்க்கலாம். நூலை வலது கையால் சுற்றிப் போடுபவர்கள் இடது கையில் நூலை வைத்து ஊசியால் கொத்தி எடுக்கப் பழகினால் வலது மணிக்கட்டின் வேலை வெகுவாகக் குறையும். நூலைக் கழுத்தைச் சுற்றி வரவிட்டு இடது கட்டைவிரலால் தட்டிப் போடும் போர்ச்சுகல் பாணியும் இருக்கிறது, இடது கட்டைவிரலின் அடியில் வலி இருப்பவர்கள் மட்டும் அதை விட்டுவிடுங்கள். புதுப் பாணியில் முதலில் கண்ணி கோணல்மாணலாக வரும், அதற்காகக் கோபித்துக்கொண்டு பழையதற்கே திரும்பிவிடாதீர்கள்.

இத்தனையும் செய்துவிட்டு, "இந்த ஒரு வரிசை மட்டும்" என்று ராத்திரி வரை உட்கார்ந்தால் யாராலும் காப்பாற்ற முடியாது. நானும் பின்னுவேன், அந்த ஒரு வரிசையின் ருசி எனக்கும் தெரியும். இருபது நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள், அடித்ததும் ஊசியைக் கீழே வைத்து விரல்களை விரித்து மடக்குங்கள், தோளையும் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். பின்னி முடித்து இரண்டு மணி நேரம் கழிந்தும் வழக்கத்தைவிட அதிகமாக வலித்தால் இன்றைய அளவு கூடிப்போனது என்று அர்த்தம், நாளைக்கு நேரத்தைக் குறையுங்கள்.

தொடங்குவதற்கு முன் வெதுவெதுப்பான நீரில் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்தால் விறைப்பு இளகும், சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்த கை என்றால் சூட்டை வேறொருவர் பார்த்துச் சொல்லட்டும். வலி மருந்தில், கைத் தேய்மானத்துக்கு மாத்திரைக்கு முன்னால் மேலே தடவும் மருந்தைப் பார்க்கச் சொல்கிறது ஐரோப்பிய மூட்டுவாத மருத்துவக் கூட்டமைப்பின் 2018 பரிந்துரை, உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். இறுக்கமான ஆர்த்ரைட்டிஸ் கையுறை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு, கதகதப்பாக இருக்கும், போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அதிகம் எதிர்பார்க்காதீர்கள் என்பேன். 2021-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் தளர்வான கையுறை போட்டவர்களுக்கும் அதே அளவு பலன்தான் கிடைத்தது. கட்டைவிரல் அடி வலிக்கு, மூட்டைத் தாங்கிப் பிடிக்கும் பட்டையான ஸ்பிளிண்ட் அதைவிட உருப்படியான செலவு.

ராத்திரியில் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப்போய் எழுப்பினால் அது மணிக்கட்டில் நரம்பு அழுந்துவதாக இருக்கலாம். மடக்கிய விரல் சொடக்கென்று மாட்டிக்கொண்டு நிமிர மறுத்தால் தசைநாண் சிக்கல். இரண்டையும் மூட்டுவாதக் கணக்கில் சேர்த்துவிட்டு இருக்காதீர்கள், காட்டுங்கள். ஒரு மூட்டு மட்டும் திடீரென்று சிவந்து கொதித்து, கூடவே காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

ஸ்பிளிண்டுக்கு அளவு எடுக்கப் போகிறவர்கள் பாதி பின்னிய துணியையும் ஊசியையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். வெறுங்கைக்கு அளவெடுத்தால் ஊசி பிடிக்கும்போது அது வேறெங்காவது இடிக்கும். ஊசியைப் பிடித்த நிலையிலேயே வார்த்துத் தரச் சொல்லிக் கேட்கலாம், கூச்சப்பட ஒன்றுமில்லை.