பரணில் கிடக்கும் லீக்

மூன்று குளிர்காலங்களுக்கு முன்பு, ஓரம் நனைந்த அட்டைப்பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண்மணி எங்கள் ஆவணக் காப்பகத்துக்கு வந்தார். அவருடைய அப்பா தெற்கு வேல்ஸின் ஒரு சின்ன உள்ளூர் கால்பந்து லீக்குக்குப் பல வருடம் செயலாளராக இருந்தவர். அப்பா போய்விட்டார். வீட்டை விற்கப் போகிறார்கள், பரணைக் காலி செய்தாயிற்று. "மற்ற இரண்டு பெட்டிகளும் குப்பைக்குப் போய்விட்டன. இதைத் தூக்கிப்போட மட்டும் மனசு வரவில்லை" என்றார்.

உள்ளே கூட்டக் குறிப்பேடுகள், நடுவர்களின் ரசீதுகள், ரப்பர் பேண்ட் உருகி ஒட்டிக்கொண்ட கடிதக் கட்டுகள். பழைய காகிதங்களைப் பிழைக்க வைப்பதுதான் என் வேலை. அன்று முழுக்க அந்தப் பெட்டியோடுதான் இருந்தேன்.

ஒரு லீக்கின் வரலாறு என்றால் யார் கோப்பை வாங்கினார்கள் என்ற பட்டியல்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். தெற்கு வேல்ஸின் பெரிய லீக்கையே எடுத்துக்கொள்வோம். 1904-இல் நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த ரிம்னி பள்ளத்தாக்கில், அந்தப் பள்ளத்தாக்கின் பெயரிலேயே அது தொடங்கியது. 1909-இல் கிளமோர்கன் லீக் ஆனது, 1912-இல் வெல்ஷ் லீக், அதாவது வேல்ஸ் நாட்டு லீக் ஆனது. எட்டே வருடத்தில் ஒரு பள்ளத்தாக்கின் பெயர் ஒரு நாட்டின் பெயராக வளர்ந்துவிட்டது. கார்டிஃப் சிட்டி, ஸ்வான்சீ போன்ற தொழில்முறை கிளப்களின் இரண்டாம் அணிகளும் சுரங்க ஊர்களின் அணிகளும் ஒரே பட்டியலில் மோதின.

அந்த லீக்கில் ஆடியவர்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது லவல்ஸ் அத்லெட்டிக். நியூபோர்ட்டில் இருந்த ஒரு மிட்டாய்த் தொழிற்சாலையின் அணி அது. 1948-இல் ஷ்ரூஸ்பரி டவுனை 3-0 என்று வென்று வெல்ஷ் கோப்பையையே தூக்கினார்கள். 1969-இல் அணி கலைந்துவிட்டது. ஒரு தொழிற்சாலை அணி கலைந்தால் அதன் காகிதங்கள் யாருக்குச் சொந்தம்? கம்பெனிக்கா, மேலாளருக்கா, வரவு செலவு எழுதியவருக்கா? பதில் தெளிவாக இல்லாத இடத்தில்தான் காகிதம் தொலையும்.

1992-இல் நாடு முழுமைக்குமான லீக் ஆஃப் வேல்ஸ் வந்தபோது வெல்ஷ் லீக் அதற்கு அடுத்த படிக்கு இறங்கியது. 2019-இல் இன்னொரு படி. 2020-இல் முழுதாகவே முடிந்து, ஆர்டல் லீக்குகள் அதன் இடத்துக்கு வந்தன. வெல்ஷ் மொழியில் ஆர்டல் என்றால் வட்டாரம். கடைசி சீசனும் கொரோனாவால் பாதியில் நின்றது. நூறு வருடத்துக்கு மேல் ஓடிய ஒன்று, கடைசி விசில்கூட இல்லாமல் ஓய்ந்தது.

போட்டி முடிவுகள் ஓரளவு தப்பித்துவிடும். அபெரிஸ்ட்வித்தில் உள்ள வேல்ஸ் தேசிய நூலகம் 1919 வரையிலான பழைய செய்தித்தாள்களை இணையத்தில் இலவசமாகவே தந்திருக்கிறது. ஆனால் ஓர் அணி ஏன் விலகியது, யார் யாரிடம் கடன் வாங்கி வலை வாங்கினார்கள் என்பது பத்திரிகையில் வராது. அது செயலாளரின் கையெழுத்தில் மட்டும்தான் இருக்கும். லீக் கலைந்த பிறகு அந்தச் செயலாளரும் போய்விட்டால், வீட்டைக் காலி செய்பவர் கையில்தான் எல்லாம்.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு பெட்டி இருந்தால், தயவுசெய்து முதலில் பரணிலிருந்து இறக்குங்கள். கோடையில் கொதித்து, குளிரில் ஈரம் குடிக்கும் இடம் அது. மனிதர்கள் புழங்கும் அறையின் அலமாரியே போதும். செலோடேப் ஒட்டாதீர்கள். கிழிசலைவிட அந்தப் பசை அதிகம் கெடுக்கும், மஞ்சளாகி எழுத்துக்குள் இறங்கிவிடும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம், அதைத் திரும்பப் பிரிக்க எங்களாலும் முடியாது. துருப்பிடித்த பின்களை அவசரப்பட்டுப் பிடுங்க வேண்டாம். பழைய ஃபேக்ஸ் தாள் இருந்தால் உடனே நகல் எடுங்கள், அதன் எழுத்து தானாகவே மங்கிப்போகும். காகிதம் நன்றாக நனைந்திருந்தால் ஹீட்டர் பக்கத்தில் வைக்காமல் பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். பூஞ்சை பிடிப்பதற்குள் எங்களுக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும்.

அப்புறம், அணிப் புகைப்படங்களின் பின்னால் தெரிந்த பெயர்களை மென்மையான பென்சிலால் எழுதிவையுங்கள். பேனா அழுத்தம் முன்பக்கம் தெரியும். இதைச் செய்ய அந்த மனிதர்களை அறிந்த ஒருவர் உயிரோடு இருக்க வேண்டும், அதனால் இதற்கு முதலிடம் கொடுங்கள்.

வீரர்களின் முகவரி, தண்டனைக் கடிதங்கள் எல்லாம் இருக்கிறதே என்று தயங்கிச் சிலர் எரித்துவிடுகிறார்கள். அப்படிப்பட்ட பக்கங்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு யாருக்கும் காட்டாமல் மூடிவைக்கக் காப்பகங்களுக்கு வழி உண்டு. மாவட்டக் காப்பகத்துக்கு ஒரு போன் போட்டால் போதும். கிளமோர்கன் காப்பகம் கார்டிஃப் சிட்டி மைதானத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. குவென்ட் காப்பகம் எபு வேலின் பழைய இரும்பாலை அலுவலகக் கட்டடத்தில் இயங்குகிறது. இரண்டிலும் ஊர்க் கிளப் காகிதமா என்று யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

அந்தப் பெண்மணியின் பெட்டியில் 1984-85 சீசனின் குறிப்பேடு இருந்தது. சுரங்கத் தொழிலாளர்களின் பெரும் வேலைநிறுத்தம் நடந்த வருடம். ஓர் அணியால் சந்தா கட்ட முடியவில்லை. 'வேலைநிறுத்தம் முடியும்வரை கேட்க வேண்டாம்' என்று நீல மையில் ஒற்றை வரி, அதன் கீழே அப்பாவின் கையெழுத்து. மகள் அதை இரண்டு முறை படித்தார்.

அந்த அணி அடுத்த வருடம் திரும்ப ஆட வந்ததா என்று கேட்டார். 1985-86 குறிப்பேட்டைத் தேடினேன். அது குப்பைக்குப் போன பெட்டிகளில் ஒன்றில் இருந்திருக்கிறது.