பொறிவண்டு: பெண் பூச்சியும் இல்லை, புள்ளிவண்டும் இல்லை

மாடித்தோட்டக் காணொளி ஒன்றில், செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினியை ஒழிக்க 'பெண் பூச்சி'யை வளர்க்கச் சொல்கிறார்கள். பொறிவண்டின் ஆங்கிலப் பெயரான லேடிபேர்டில் உள்ள 'லேடி'யைப் பிடித்துக்கொண்டு செய்த மொழிபெயர்ப்பு. அப்படியானால் ஆண் பூச்சி பட்டினியா? அதுவும் அசுவினியைத்தான் தின்கிறது.

அந்த லேடி கன்னி மரியாள். ஐரோப்பாவின் ஏழு புள்ளி வண்டில், சிவப்பை மரியாளின் மேலாடையாகவும் புள்ளிகளை அவருடைய ஏழு மகிழ்ச்சிகள், ஏழு துயரங்களாகவும் கண்டார்கள். ஜெர்மன் மொழியில் இன்றும் அது 'மரியாளின் வண்டு'தான். நம் வேளாண் துறையோ பொறிவண்டு என்றே எழுதிவருகிறது. பொறி என்றால் புள்ளி. திருமுருகாற்றுப்படையில் மயில் 'பல்பொறி மஞ்ஞை'.

பெண் பூச்சியைச் சிரித்துவிட்டுக் கடந்துவிடலாம். என் சண்டை 'புள்ளிவண்டு' என்று எழுதுகிறவர்களோடு. பொறி யாருக்கும் புரியாத பழஞ்சொல், பூச்சியைப் பிடிக்கும் விளக்குப்பொறி, இனக்கவர்ச்சிப்பொறி என்று வேறு இருக்கிறது, விவசாயி குழம்புவார் என்கிறார்கள். எலிப்பொறி வைத்த வீட்டில் யாரும் ஐம்பொறியை நினைத்துக் குழம்புவதில்லை. குழப்பமே புள்ளிவண்டில்தான். கத்தரி போடுகிறவருக்குப் புள்ளிவண்டு என்றால் எபிலாக்னா, 28 புள்ளிக்காரன். இலையின் பச்சையத்தைச் சுரண்டித் தின்று நரம்பை மட்டும் சல்லடையாக விட்டுவைக்கும். அதுவும் பொறிவண்டின் குடும்பந்தான், குணம் வேறு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் ஒருவர் கத்தரியில் பகையைக் காப்பாற்றுவார், இன்னொருவர் தட்டைப்பயறில் நண்பனை நசுக்குவார். கிட்டத்தில் பார்த்தால் வேறுபாடு தெரியும்: பொறிவண்டின் முதுகு பளபளவென்று மினுங்கும், எபிலாக்னா மங்கிய செம்பு நிறம், மேலே நுண்ணிய மயிர்.

அப்புறம், எல்லாப் பொறிவண்டுக்கும் புள்ளி இருக்கிறதா? காப்பிச் செடியின் செதில்பூச்சியை ஒழிக்க 1898இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஆஸ்திரேலிய வண்டு கிரிப்டோலீமஸ். இன்று மாவுப்பூச்சியைத் தின்ன விடுவது அதைத்தான். தலை ஆரஞ்சு, முதுகு கறுப்பு, ஒரு புள்ளிகூடக் கிடையாது. அதைப் புள்ளிவண்டு என்றால் விவசாயி புள்ளியைத் தேடுவார். பொறியும் புள்ளிதானே என்று மடக்கலாம். ஆனால் இன்றைய பேச்சில் பொறி என்றால் யாருக்கும் புள்ளி தோன்றாது. அதனால்தான் பொறிவண்டு வருணனையாக இல்லாமல் பெயராக நிற்கிறது. புரியாத பழஞ்சொல் என்பதே இங்கே அதன் பலம்.

இதைப் 'பொரிவண்டு' என்று அச்சடிக்கிற புண்ணியவான்களும் உண்டு. நாம் கொறிக்கிற பொரிக்கும் இந்த வண்டுக்கும் என்ன உறவோ!

இதைவிடப் பெரிய மனத்தாங்கல் குட்டிப் பருவத்தின் பெயரில். பொறிவண்டின் புழு கருஞ்சாம்பல் நிறம், ஆரஞ்சுத் திட்டுகள், ஆறு கால்கள், பார்த்தால் குட்டி முதலை. அசுவினியைத் தின்பதில் தாய் வண்டுக்குச் சளைத்ததில்லை. துண்டறிக்கை மொழிபெயர்ப்பாளர்களோ வண்டுக்கு மூன்று வரி எழுதிவிட்டு, இதை 'கிரப்' (grub) என்று ஒரே ஆங்கிலச் சொல்லில் முடித்துவிடுகிறார்கள். சிலர் வெறும் 'புழு' என்கிறார்கள். 'பொறிவண்டுப் புழு' என்று முழுசாக எழுதுங்கள், பக்கத்திலேயே படமும் போடுங்கள். வெறும் புழு என்று படித்தவர் கை தெளிப்பானுக்குத்தான் போகும்.