இல்லாத உறவை ஒத்துக்கொண்டு விவாகரத்து வாங்காதீர்கள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கும் என் வக்கீல் அலுவலகத்துக்குக் காசிமேட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கூட அவருடைய சித்தி. கையில் ஒரு ஜவுளிக்கடை கவர். அதற்குள் ரேஷன் கார்டு, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை, அப்புறம் நாலாக மடித்த இருபது ரூபாய் பத்திரம் ஒன்று. மற்றதை எல்லாம் மேசைமேல் எடுத்து வைத்தவர், அந்தப் பத்திரத்தை மட்டும் கவரிலேயே விட்டுவிட்டார். சித்திதான் அதை எடுத்து நீட்டி, "இதுல கையெழுத்துப் போடலாமா மேடம், அத மட்டும் சொல்லுங்க" என்றார்.

பிரித்துப் படித்தேன். "என் சுயநினைவோடும் முழுச் சம்மதத்தோடும் எழுதிக் கொடுப்பது என்னவென்றால்" என்று தொடங்கியது. தனக்கு இன்னாருடன் தொடர்பு இருக்கிறது, அதனால் கணவரோடு வாழ விருப்பமில்லை, ஜீவனாம்சம் கேட்கமாட்டேன், ஆறு வயதுப் பிள்ளை கணவரிடமே இருக்கட்டும் என்று வரிசையாக டைப் அடித்திருந்தார்கள். 'இன்னார்' என்ற இடத்தில் ஒருவருடைய பெயர், கதவு எண், தெரு எல்லாம் இருந்தது. இரண்டு சாட்சிகள் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். இவர் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி.

"இந்த ஆளுக்கும் உங்களுக்கும்..." என்று நான் கேட்டு முடிப்பதற்குள், "ஐயோ மேடம், அவரு எங்க அண்ணன்கூட வேலை செய்றவரு. ரெண்டு தடவ வீட்டுக்கு வந்திருக்காரு, அவ்ளோதான்" என்றார். அப்படியிருந்தும் கையெழுத்துப் போடும் முடிவோடுதான் வந்திருந்தார். "இப்படி எழுதிக் குடுத்தாதான் சீக்கிரம் முடியும்னு சொன்னாங்க. அஞ்சு வருஷமா அடி வாங்கிட்டேன். எப்படியாவது முடிஞ்சா போதும் மேடம்."

அடையாளம் தெரியாதபடி விவரங்களைக் கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் அந்தக் கடைசி வாக்கியத்தை எத்தனையோ பேர் என் எதிரே உட்கார்ந்து சொல்லியிருக்கிறார்கள். ஆண்களும் சொல்லியிருக்கிறார்கள்.

அன்று ராத்திரி எனக்கு ஒரு பழைய படம் ஞாபகம் வந்தது. நான் ஜூனியராக இருந்த காலத்தில் பெரம்பூரில் ஒரு ஆங்கிலோ இந்திய ஆன்ட்டி எங்கள் கட்சிக்காரர். ரயில்வே குடும்பம். ஒருநாள் அவர், "உங்க டைவர்ஸ் சட்டமெல்லாம் எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியணும்னா இந்தப் படத்தைப் பாரும்மா" என்று சொன்ன படம், 'தி கே டிவோர்ஸி', அதாவது 'சந்தோஷமான விவாகரத்துப் பெண்'. 1934-ல் வந்தது. ஃபிரெட் அஸ்டேரும் ஜிஞ்சர் ரோஜர்ஸும் ஆடிப் பாடுகிற நகைச்சுவைப் படம். அதில் வரும் 'தி கான்டினென்டல்' பாட்டுக்குத்தான் சிறந்த பாட்டுக்கான முதல் ஆஸ்கர் விருது போனது.

கதை இதுதான். மிமி என்ற பெண்ணுக்குக் கணவனிடமிருந்து விவாகரத்து வேண்டும். அன்றைய இங்கிலாந்துச் சட்டப்படி நடைமுறையில் ஒரே வழி, யாராவது ஒருவர் துரோகம் செய்திருக்க வேண்டும். சேர்ந்து வாழ முடியவில்லை என்பதெல்லாம் அங்கே காரணமே இல்லை. அதனால் அவளுடைய வக்கீல் ஒரு திட்டம் போடுகிறார். கடற்கரை ஊர் ஹோட்டல் ஒன்றில் அவளுக்கு அறை எடுத்து, கூலிக்கு ஒரு ஆளை வரவழைத்து, இரண்டு பேரும் ஒரே அறையில் இருக்கும்போது துப்பறிவாளர்கள் வந்து பிடிக்கிற மாதிரி ஏற்பாடு. வந்திருக்கும் கூலி ஆள் யார் என்று தெரியாமல், தன்னை உண்மையாகவே காதலிக்கும் கை ஹோல்டனைத்தான் அந்த ஆள் என்று மிமி நினைத்துவிடுகிறாள். அங்கிருந்து குழப்பம், பாட்டு, ஆட்டம். பார்க்கப் பார்க்க அத்தனை சந்தோஷமான படம்.

ஆனால் வக்கீலாகப் பார்க்கும்போது கடைசிக் காட்சிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. இத்தனை பாடுபட்டு நடத்திய நாடகம் பலிக்கவில்லை. கணவன் வருகிறான், பார்க்கிறான், நம்பமாட்டேன் என்கிறான். அப்போது ஹோட்டல் பணியாளர் ஒருவர் அவனை அடையாளம் கண்டுகொள்கிறார்: இந்த ஐயா வேறு பெயரில் வேறு ஒரு பெண்ணோடு வந்து போகிறவர் ஆயிற்றே! துரோகம் செய்தவன் அவன்தான். மிமியின் கட்டு அங்கேதான் அவிழ்கிறது. ஜோடித்த பொய்யால் நடக்காதது நிஜத்தால் நடக்கிறது.

இதெல்லாம் வெறும் சினிமாக் கற்பனை என்று நினைக்க வேண்டாம். அந்தக் காலத்து இங்கிலாந்தில் இப்படி ஹோட்டல் அறை எடுத்து, காலையில் காபி கொண்டுவரும் வேலைக்காரப் பெண்ணைச் சாட்சியாக்குவது தெரிந்த விஷயம். பெரும்பாலும் கணவன்தான் கூலிக்கு ஒரு பெண்ணை அழைத்துப் போவான். இருவரும் சேர்ந்து செய்த ஏற்பாடு என்று தெரிந்தால் வழக்கு தள்ளுபடி. அதாவது, உண்மையிலேயே பேசி வைத்துப் பிரிய நினைத்தவர்கள் நீதிமன்றத்தில் பகையாளிகளாக நடிக்க வேண்டும். 1937-ல் சட்டத்தைத் திருத்திக் கொடுமை, கைவிட்டுப் போவது போன்ற காரணங்களையும் சேர்த்தார்கள்.

அதே சட்டத்தின் நிழல்தான் நம் ஊரிலும் விழுந்திருந்தது. கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டம் 1869-ல் வந்தது. மனைவி வேறொருவரோடு தொடர்பு வைத்திருந்தாள் என்று மட்டும் நிரூபித்தால் கணவனுக்கு விடுதலை கிடைக்கும். மனைவி கேட்டால் துரோகம் மட்டும் போதாது, அதோடு கொடுமையோ கைவிட்டதோ சேர்ந்திருக்க வேண்டும். 2001 திருத்தம் வரும்வரை அப்படித்தான். ராயபுரத்திலும் பெரம்பூரிலும் எத்தனை பெண்கள் அந்தச் சட்டத்துக்குள் மாட்டிக்கொண்டு வயதாகிப் போனார்கள் என்பதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. ஆன்ட்டி என்னை ஏன் அந்தப் படத்தைப் பார்க்கச் சொன்னார் என்பது அப்புறம்தான் புரிந்தது.

சரி, இன்றைக்கு வருவோம். மிமி வாழ்ந்த காலத்தில் சட்டம் வேறு வழி விடவில்லை, நாடகம் போட்டார்கள். நமக்கு வழி இருக்கிறது. இந்து திருமணச் சட்டத்தில் 1976-லேயே 13-பி பிரிவைச் சேர்த்துவிட்டார்கள். அதைத்தான் எல்லோரும் 'மியூச்சுவல்' என்கிறோம். யார்மீதும் எந்தக் குற்றமும் சொல்ல வேண்டாம். ஒரு வருஷம் பிரிந்து இருக்கிறோம், சேர்ந்து வாழ முடியவில்லை, இருவரும் சம்மதித்துப் பிரிகிறோம் என்று சேர்ந்து மனுப் போட்டால் போதும். முதல் மனுவுக்கும் இறுதி ஆணைக்கும் நடுவில் ஆறு மாதம் இடைவெளி. பிரிந்து நாளாகி, சமரசமும் முடியாமல் போய், பணம், குழந்தை விஷயமெல்லாம் பேசித் தீர்த்துவிட்டால் அந்த ஆறு மாதத்தையும் நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கிறிஸ்தவர்களுக்கு அவர்களுடைய விவாகரத்துச் சட்டத்தில் இதே மாதிரி 10-ஏ பிரிவு இருக்கிறது, பிரிந்து இருக்க வேண்டிய காலம் மட்டும் அந்தப் பிரிவில் இரண்டு வருஷம் என்று இருக்கிறது.

'பிரிந்து இருப்பது' என்றால் வேறு வீட்டில் இருக்க வேண்டும் என்று பலர் பயப்படுகிறார்கள். நம் ஏரியாவில் ஒற்றை அறை வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கவே வழியில்லாதவர்கள் எங்கே போய்த் தனி வீடு பார்ப்பது? ஒரே கூரைக்குக் கீழே இருந்தாலும் கணவன் மனைவியாக வாழவில்லை என்றால் அதுவும் பிரிந்து இருப்பதுதான் என்று 1991-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

இவ்வளவு இருக்கும்போது எதற்கு அந்தப் பத்திரம்? அதை எழுதச் சொன்னவர் யாரோ ஏரியாப் பெரியவர். அவருக்குத் தெரிந்த சட்டம் கட்டப் பஞ்சாயத்துச் சட்டம். கெட்ட எண்ணம் இருந்திருக்கும் என்றுகூட நான் சொல்லவில்லை. ஆனால் இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதி, நோட்டரி முத்திரை குத்தினால் விவாகரத்து ஆகிவிடாது. ஒரு சாதியில் பழைய வழக்கப்படி பிரிவது உண்டு என்றால் சட்டம் அதை மதிக்கும், ஆனால் அப்படி ஒரு வழக்கம் இருப்பதை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். அது லேசுப்பட்ட காரியம் இல்லை. பத்திரத்தை நம்பி மறுகல்யாணம் செய்துகொண்டு, பிறகு அந்தக் கல்யாணமே செல்லாது என்று தெரிந்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

விவாகரத்துக்கு உதவாத அந்தக் காகிதம் வேறு எல்லாவற்றுக்கும் உதவும். அதுதான் ஆபத்து. ஜீவனாம்சம் கேட்டு வழக்குப் போட்டால் (முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125, இப்போது அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் 144-ம் பிரிவு) வேறொருவரோடு தொடர்பில் வாழ்கிற மனைவிக்கு அது கிடையாது. இவர் கையெழுத்துப் போட்ட பத்திரத்தை எதிர்த்தரப்பு அங்கே நீட்டும். குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்ற வழக்கிலும் நீட்டும். அது பொய், கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் சுமை இவர் தலையில் விழும். அஞ்சு வருஷம் அடி வாங்கியது எந்தக் காகிதத்திலும் இருக்காது. செய்யாத தப்பு மட்டும் இருக்கும், அவருடைய கையெழுத்தோடு.

பெயர் போடப்பட்ட அந்த மூன்றாவது ஆளையும் நினைத்துப் பாருங்கள். விவாகரத்து மனுவில் ஒருவர் பெயரைச் சொல்லித் தொடர்பு என்று எழுதினால், பொதுவாக அவரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். அவர் வீட்டுக்கு நோட்டீஸ் போகும். சில வருஷங்களுக்கு முன் வியாசர்பாடியில் ஒரு வீட்டுக்கு அப்படி ஒரு நோட்டீஸ் போனது. மகளுக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்த வாரம். எங்கள் கட்சிக்காரர் கோபத்தில் சொன்ன பெயர், நாங்கள் சரியாகத் துருவிக் கேட்காமல் மனுவில் எழுதிவிட்டோம். பின்னால் மனுவைத் திருத்தி அந்தப் பெயரை எடுத்தோம். ஆனால் நிச்சயம் நின்றது நின்றதுதான். அந்த மனிதர் என் அலுவலக வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சத்தமே போடாமல், "என் பொண்ணு என்னம்மா பண்ணுச்சு?" என்று கேட்டார். அன்றிலிருந்து ஒரு பெயரை எழுதுவதற்கு முன்னால் கட்சிக்காரரிடம் மூன்று தடவை கேட்கிறேன்.

நிஜமாகவே துரோகம் நடந்திருந்தால்? அந்த வலியைச் சின்னதாக்க எனக்கு உரிமை இல்லை. துரோகம் இன்றும் விவாகரத்துக்கு ஒரு காரணம்தான். ஆனால் "கேஸ் போட்டு ரெண்டு பேரையும் உள்ள தள்ளணும்" என்று வருகிறவர்களுக்கு: இன்னொருவர் மனைவியோடு தொடர்பு வைப்பதைக் குற்றமாக்கிய ஐ.பி.சி. (இந்திய தண்டனைச் சட்டம்) 497-ஐ 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்திலும் அது இல்லை. அது இருந்தபோதும் மனைவியைத் தண்டிக்க அதில் இடம் இல்லை.

துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டும் ஒருவர் மூன்று வாரம் வேலைக்குப் போகாமல் மனைவி போன இடமெல்லாம் பைக்கில் பின்னால் போயிருக்கிறார். போனில் இருநூற்றுச் சொச்சம் ஸ்கிரீன்ஷாட். ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிக் காட்டினார். கடைசியில் பார்த்தால் மனைவி தன் அக்காவிடம் வட்டிக்கு வாங்கிய கடனை மறைக்கத்தான் அப்படி அலைந்திருக்கிறார். ரகசியமாகப் பதிவு செய்த கணவன் மனைவி பேச்சையும் விவாகரத்து வழக்கில் சாட்சியமாக எடுக்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். எடுத்துக்கொள்வது வேறு, அதை வைத்து நிரூபணமாவது வேறு. அப்புறம், தயவுசெய்து குழந்தையை டி.என்.ஏ. டெஸ்டுக்கு இழுக்காதீர்கள். கல்யாண உறவு இருக்கும்போது பிறந்த குழந்தை அந்தத் தம்பதியின் குழந்தை என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். கேட்டவுடன் டெஸ்டுக்கு உத்தரவிடக் கூடாது என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் சொல்லியிருக்கிறது.

மியூச்சுவல் போடுகிறவர்கள் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். நகை, பணம், பிள்ளை யாரிடம் இருக்கும், யார் எப்போது பார்க்கலாம், ஸ்கூல் ஃபீஸ் யார் கட்டுவது எல்லாவற்றையும் மனுவிலேயே எழுதுங்கள். வாய்ப்பேச்சாக விடாதீர்கள். வக்கீல் வைக்கக் காசு இல்லை என்றால் பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலேயே இலவசச் சட்ட உதவி உண்டு. 15100-க்கு போன் செய்தால் வழி சொல்வார்கள். விசாரணையை மூடிய அறையில் நடத்தும்படி கேட்கவும் உரிமை இருக்கிறது. எல்லோர் முன்னாலும் நின்று சொல்ல வேண்டுமே என்ற பயத்திலேயே பல பெண்கள் கட்டப் பஞ்சாயத்துக்குப் போகிறார்கள், அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

அந்தப் படத்துக்கு முந்தைய மேடை நாடகத்தின் பெயர் 'கே டிவோர்ஸ்'. விவாகரத்து சந்தோஷமானது என்று பெயர் வைக்கக் கூடாது, விவாகரத்தான பெண் வேண்டுமானால் சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று அமெரிக்கத் தணிக்கைக்காரர்கள் தலைப்பை மாற்ற வைத்ததாகச் சொல்வார்கள். அவர்கள் நினைத்தது என்னவோ, எனக்கு அது சரியாகத்தான் படுகிறது. குடும்ப நல நீதிமன்றப் படிக்கட்டில் சிரித்துக்கொண்டு ஏறியவர் யாரையும் நான் பார்த்ததில்லை. ஆனால் இரண்டு வருஷம் கழித்து எம்.சி. ரோட்டில் பிள்ளைக்குத் தீபாவளித் துணி எடுக்கும்போது என்னைப் பார்த்துக் கை ஆட்டியவர்கள் இருக்கிறார்கள்.

காசிமேட்டுப் பெண்ணின் கணவரையும் கூப்பிட்டுப் பேசினேன். முதல் நாள் கத்தினார். இரண்டாவது முறை அவருடைய அம்மாவோடு வந்தார். அந்தப் பெயரை யார் போட்டது என்று கேட்டதற்குக் கடைசிவரை பதில் சொல்லவில்லை, ஆனால் மியூச்சுவலுக்கு ஒத்துக்கொண்டார். பிள்ளை அம்மாவிடம் இருக்கும், ஞாயிற்றுக்கிழமை அப்பா பார்க்கலாம், மாதாமாதம் இவ்வளவு என்று எழுதி வருகிறோம். இதற்கு நடுவில் அவர் மறுபடியும் கை ஓங்கினால் 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் போவது என்று அவருக்கும் தெளிவாகச் சொல்லிவிட்டேன்.

போகும்போது அந்தப் பெண், "அந்தப் பத்திரத்த கிழிச்சுடட்டுமா மேடம்?" என்று கேட்டார். வேண்டாம்மா என்றேன். நாளைக்கு யாராவது பேச்சு மாறினால், இப்படி எழுதச் சொல்லி நெருக்கினார்கள் என்று காட்ட அது இருக்கட்டும். அவருடைய கேஸ் ஃபைலில் மேலாக வைத்திருக்கிறேன். பென்சில் குறி அப்படியே இருக்கிறது, பக்கத்தில் கையெழுத்து இல்லை.