களிம்புக்குள் இருக்கும் ஒற்றை எழுத்து

பழங்காசுகளைப் பேணும் வேலையில் இருக்கும் என்னிடம் காசு சேகரிப்பாளர் ஒருவர் அண்மையில் ஒரு காகித உறையைக் கொண்டுவந்தார். உள்ளே 20 மி.மீ. விட்டமும் 10 கிராமுக்குச் சற்றுக் குறைந்த எடையும் கொண்ட ஒரு காசு இருந்தது. குத்துவிளக்கைத் துலக்குவது போல அதைப் புளி போட்டுத் தேய்த்திருந்தார். புதுச்செம்பாகப் பளபளத்த அதன் இருபுறமும் ஒவ்வொரு தலை தெரிந்தது. தலைக்கு அருகில் இருக்க வேண்டிய ஆண்டெழுத்துதான் இல்லை.

அது எகிப்தின் அலெக்சாந்திரியாவில் அடித்த டெட்ராடிராக்ம், அதாவது நான்கு டிராக்ம மதிப்புள்ள காசு. உரோமரின் ஆட்சியில் இருந்தாலும், எகிப்து கிரேக்க எழுத்துப் பொறித்த தனிக்காசையே வழங்கிவந்தது. ஆங்கில எல் போன்ற ஒரு குறியை அடுத்து, மன்னரின் ஆட்சியாண்டு கிரேக்க எழுத்தால் குறிக்கப்படும். இந்தக் காசின் ஒருபுறம் பேரரசர் ஆரேலியன். மறுபுறம் சிரியப் பாலைவன நகரமான பல்மைராவின் இளவரசன் வபல்லாத்தஸ். கி.பி. 270இல் பல்மைராவின் படை எகிப்தைக் கைப்பற்றியபோது, மகன் வபல்லாத்தஸின் பெயரால் ஆண்ட அரசி ஜெனோபியா பேரரசரை வெளிப்படையாக மறுக்காமல், இருவர் தலையையும் ஒரே காசில் இடச்செய்தாள். ஆரேலியனின் முதலாம் ஆண்டுக்கு வபல்லாத்தஸின் நான்காம் ஆண்டும், இரண்டாம் ஆண்டுக்கு ஐந்தாம் ஆண்டும் இணையாக வரும். அந்த ஐந்தாம் ஆண்டிலேயே ஆரேலியனின் தலை காசிலிருந்து மறைந்து, வபல்லாத்தஸ் பேரரசுப் பட்டத்துடன் தனித்து நிற்கிறான். 272இல் ஆரேலியன் படையுடன் வந்து, சிரியாவின் இம்மே, எமெசா ஆகிய இடங்களில் பல்மைராவை முறியடித்தார். ஓர் உறவு முறிந்த காலத்தை இவ்வளவு நெருக்கமாகச் சொல்லும் சான்றுகள் குறைவு. அந்த நண்பரின் காசு முறிவுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் எதைச் சேர்ந்தது என்பதை என்னால் சொல்ல முடியவில்லை.

சைவ சித்தாந்தத்தில் செம்பிலேறிய களிம்பு ஆணவ மலத்துக்கு உவமை. அங்கே அது நீங்க வேண்டியது. என் மேசையில் பெரும்பாலும் அதுதான் காவல். மூன்றாம் நூற்றாண்டின் இந்தக் காசுகளில் வெள்ளி மிகக் குறைவு, செம்பே மிகுதி. மண்ணுக்குள் செம்பு அரிக்கும்போது முதலில் செந்நிற ஆக்சைடு படலமும், அதன்மேல் பச்சைக் களிம்பும் படிகின்றன. எழுத்தின் கூர்விளிம்பு பல சமயம் அந்தச் செம்படலத்தில்தான் தங்கியிருக்கும். புளியோ எலுமிச்சையோ வினிகரோ அதைக் கரைத்துவிட்டால், அடியில் குழிந்த உலோகம் மட்டுமே எஞ்சும்.

வெளிர்பச்சையாக, தொட்டால் உதிரும் மாவு போன்ற புள்ளிகள் தெரிந்தால் மட்டும் அலட்சியம் கூடாது. உள்ளே இருக்கும் குளோரைடு ஈரத்தோடும் காற்றோடும் சேர்ந்து அமிலமாகி, காசைத் தொடர்ந்து தின்னும் நோய் அது. அத்தகைய காசை மற்றவற்றிலிருந்து பிரித்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் இட்ட மூடிய டப்பாவில் வைத்து, பேணுநரிடம் கொண்டுசெல்ல வேண்டும். மென்மையான பி.வி.சி. பிளாஸ்டிக் உறைகளும் காலப்போக்கில் காசின்மேல் பச்சைப் பிசினை உண்டாக்கும். ஆல்பம் விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. எதைச் செய்வதற்கு முன்பும் எடையைக் குறித்து, இருபுறமும் படம் எடுத்துவிடுங்கள்.

அதே நண்பர் பிறகு மண் அகலாத இன்னொரு காசைக் கொண்டுவந்தார். நுண்ணோக்கியின் கீழ், கூராகச் சீவிய மூங்கில் குச்சியால் மூன்று நாள் மண்ணைப் பெயர்த்ததில், வபல்லாத்தஸின் தலைக்கு அருகில் ஐந்தைக் குறிக்கும் கிரேக்க எழுத்தான, பிறைபோல் வளைந்த எப்சிலானின் நடுக்கோடு தெரிந்தது: ஐந்தாம் ஆண்டு. மறுபுறம் இருப்பது ஆரேலியனா, வேறோர் உருவமா என்பது இன்னும் மண்ணுக்குள் இருக்கிறது.