தூங்கி எழுந்ததும் குழந்தை 'கும்பிடு' போடுகிறதா?

ஏற்காட்டில் காபித் தோட்ட வேலை செய்யும் அந்தத் தாய், இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, ஆறு மாதக் குழந்தையோடு சேலத்தில் என்னிடம் வந்தபோது, குழந்தை துள்ளத் தொடங்கி ஏழு வாரங்கள் கடந்திருந்தன. "உரம் விழுந்திருக்கிறது, சுளுக்குதான் என்று அத்தை மூன்று தடவை உரம் எடுத்தார்கள், டாக்டர். அப்புறம் மாந்தம் என்று வசம்பு சுட்டுக் கொடுத்தோம்" என்றார். இடையில் காட்டிய மருத்துவரும், குழந்தை பயந்து துள்ளுகிறது, போகப் போகச் சரியாகும் என்று அனுப்பிவிட்டார். என் முன்னாலும் குழந்தை சும்மாதான் படுத்திருந்தது.

கணவரின் செல்போனில் இருந்த வீடியோ உண்மையைச் சொன்னது. தலை கவிழ்கிறது, கைகள் விரிகின்றன, உடல் மடங்குகிறது. சில நொடி இடைவெளி. மறுபடியும் அதே. பதினொரு முறை எண்ணினேன்.

இதுதான் குழந்தைப் பருவத் துடிப்பு வலிப்பு. பெரும்பாலும் முதல் வயதுக்குள் தொடங்கும். நுரை தள்ளாது, காய்ச்சல் இருக்காது. அதனால் வலிப்பு என்றே யாருக்கும் தோன்றாது. சத்தம் கேட்டுத் திடுக்கிடும் குழந்தை ஒருமுறை துள்ளி அடங்கிவிடும். இது வரிசையாக வரும், குறிப்பாக விழிக்கும் நேரத்தில். முகம் பார்த்துச் சிரித்த குழந்தை சிரிப்பை நிறுத்தினால் ஒரு நாள்கூடப் பொறுக்காதீர்கள்.

1841இல் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்ற ஆங்கில மருத்துவர் தன் மகனுக்கு வந்த இதே துடிப்பை விவரித்து 'லான்செட்' இதழுக்கு எழுதி, சக மருத்துவர்களிடம் வழி கேட்டார். மருத்துவராக இருந்தும் மகனைக் குணப்படுத்த முடியாத தகப்பனின் கடிதம் அது. அன்று இதற்குப் பெயர் 'சலாம் வலிப்பு'.

அவருக்குக் கிடைக்காதது இன்று நமக்கு இருக்கிறது. வலியில்லாத ஈஈஜி பரிசோதனை மூளையின் மின்னலைகள் தாறுமாறாக ஓடுவதைக் காட்டிவிடும். ஏசிடிஎச் என்ற ஹார்மோன் ஊசி, பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, விகாபட்ரின் ஆகிய மருந்துகள் இருக்கின்றன. ஸ்டீராய்டு என்றதும் பெற்றோர் மிரள்கிறார்கள். ரத்த அழுத்தத்தையும் தொற்றையும் கண்காணித்தபடி சில வாரங்கள்தான் கொடுக்கிறோம். நிற்காத துடிப்பு வளரும் மூளைக்குச் செய்யும் கேடு அதைவிடப் பெரிது. மூல காரணத்தைப் பொறுத்துப் பலன் மாறும். ஆனால் தாமதம் எந்தக் குழந்தைக்கும் நல்லது செய்ததில்லை.

அந்தக் குழந்தைக்குச் சிகிச்சையின் இரண்டாவது வாரத்தில் துடிப்பு நின்றது. சிரிப்பு திரும்பியது. உட்காரத்தான் இன்னும் பயிற்சி நடக்கிறது.

வீடியோ எடுக்கும்போது போர்வையை விலக்கி, முகமும் கைகால்களும் தெரிய, முழு வரிசையையும் எடுங்கள். எத்தனை மணிக்கு, எத்தனை முறை என்று குறியுங்கள். அந்தத் தாய், பழம் பறித்த கூலிச் சீட்டின் பின்பக்கத்தில் கோடு கோடாகப் போட்டு வைத்திருந்தார்.