காதில் இருப்பது அழுக்கு இல்லை

"வாராவாரம் சுத்தம் பண்றேன் டாக்டர், அப்படியும் அழுக்கு சேர்ந்துக்கிட்டே இருக்கு" என்றார் அந்த அம்மா. எதை வைத்து என்று கேட்டேன். சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிக் காட்டினார். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தால், குழாயின் தோல் சிவந்து, நெடுக கீறல்கள். செவிப்பறையை ஒட்டிக் கறுப்பாக ஓர் உருண்டை.

நான் ஊக்கைவிட 'காதழுக்கு' என்ற சொல்லைத்தான் அதிகம் குறை சொல்வேன். குறும்பி என்று நல்ல பெயர் இருக்கிறது. அழுக்கு என்றதும் கை தானாகச் சுரண்டப் போய்விடுகிறது.

சுரப்பு, கழிவு என்று பள்ளியில் தனித்தனியாகப் படித்தோமே, அதுதான் இங்கே விஷயம். உடம்பு தன் தேவைக்கென்று செய்து வெளிவிடுவது சுரப்பு: உமிழ்நீர், கண்ணீர், இன்சுலின். தேங்கினால் கெடுதல் என்று வெளியேற்றுவது கழிவு: சிறுநீரில் போகும் யூரியா, மூச்சில் போகும் கார்பன் டை ஆக்சைடு. வியர்வையிலும் துளி யூரியா உண்டு. ஆனால் அதன் முக்கிய வேலை உடம்பைக் குளிர வைப்பது. வியர்க்க வைத்து நச்செடுக்கிறேன் என்று காசு கேட்பவரிடம், சிறுநீரகம் எதற்கு என்று கேட்டுப் பாருங்கள்.

குறும்பி சுரப்புப் பக்கம். காதுக்குழாய் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். அதில் வாசலையொட்டிய மூன்றில் ஒரு பங்கில்தான் அதற்கான சுரப்பிகள். எண்ணெய்ப் பசையால் தண்ணீர் ஊறாமல் காக்கும், தூசியைப் பிடித்து வைக்கும். லேசான அமிலத்தன்மையால் கிருமிகளை அடக்கும். குழாயின் தோலே உள்ளிருந்து வாசல் நோக்கி மெல்ல நகர்வதால், பழைய குறும்பி தானாக வெளியே வந்துவிடும். அப்படியென்றால் சுரப்பியே இல்லாத செவிப்பறையருகே அந்த உருண்டை எப்படிப் போனது? வாராவாரம் அவரே தள்ளி வைத்ததுதான். பட்ஸும் இதையே செய்யும்.

சுரண்டினால் தோல் வறண்டு அரிக்கும். அரித்தால் மறுபடி ஊக்கு. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காதுத் தொற்று எலும்பு வரை போனதும் உண்டு.

அடைத்துக்கொண்டால் இளக்கும் சொட்டு மருந்து இருக்கிறது. சீழ் வடிந்தாலோ செவிப்பறையில் ஓட்டை இருந்தாலோ எதையும் ஊற்றாதீர்கள். காய்ச்சிய எண்ணெய் யாருக்குமே வேண்டாம்.

ஐந்து நாள் சொட்டு மருந்து விட்டு வந்தார், உறிஞ்சி எடுத்தோம். "அப்போ குளிச்சதும் என்ன பண்றது?" என்றார். துண்டு நுனியால் காதுமடலைத் துடைத்தால் போதும் என்றேன். அரை மனதோடு ஊக்கைச் சேலையில் குத்திக்கொண்டு கிளம்பினார்.