பம்பாய் வரதட்சணையாக வந்ததா?

"போர்த்துக்கீசியர் பம்பாயை இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லசுக்கு வரதட்சணையாகக் கொடுத்தனர்." தேர்வுக் கையேடுகளில் இந்த வரியைப் படித்துப் படித்து அலுத்துவிட்டது. போன வாரம் ஒரு வரலாற்று நூலின் மொழிபெயர்ப்பை மெய்ப்புப் பார்க்க உட்கார்ந்தேன். அதில் ஐரோப்பிய இளவரசிகள் அத்தனை பேரும் வரதட்சணையோடுதான் வண்டி ஏறுகிறார்கள்.

ஆங்கில மூலச் சொல் 'டவுரி'. இலத்தீன் 'டோஸ்' என்பதிலிருந்து வந்தது, கொடுத்தல் என்ற வினையின் உறவு. மணமாகிப் போகும் பெண்ணோடு பிறந்தவீடு கொடுத்தனுப்பும் சொத்து என்று பொருள்.

வரதட்சணை என்றால் வரனுக்குத் தரும் தட்சணை. அந்தச் சொல்லில் பெண்ணே இல்லை. இதனால் என்ன கெடுகிறது என்பதற்கு ஒரே வழக்கு போதும். 1659-இல் பிரான்சும் ஸ்பெயினும் பிரனீஸ் உடன்படிக்கை செய்தன. ஸ்பெயின் மன்னர் மகள் மரியா தெரசா, பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியை மணக்க வேண்டும். 5,00,000 எஸ்கூடோ தங்க நாணயம் பெற்றுக்கொண்டு, தகப்பன் சொத்தில் தனக்குள்ள உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும். பணம் வந்து சேரவில்லை. பணம் வராததால் உரிமை விடுகையும் செல்லாது என்றது பிரெஞ்சுத் தரப்பு. 1667-இல் ஸ்பானிய நெதர்லாந்துக்குள் லூயி படையோடு நுழைந்தபோது சொன்ன நியாயங்களில் இதுவும் ஒன்று. இதை "வரதட்சணை பாக்கிக்காகப் போர்" என்று எழுதினால் மாமியார் வீட்டுச் சண்டை போலாகிவிடும். அது மகளின் பங்கு பற்றிய வழக்கு.

இதற்குச் சரியான சொல் நம்மிடம் இருக்கிறது: சீதனம். யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமையில் முதுசொம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடிய தேட்டம் (மணமான பின் தேடிய சொத்து) என்று சொத்தைப் பிரித்திருக்கிறார்கள். அதன்படி சீதனம் வாங்கிப் போன மகள் பெற்றோரின் மற்றச் சொத்தில் பங்கு கேட்பதில்லை. பிரனீஸ் உடன்படிக்கையின் தர்க்கமும் இதேதான். தனித்தமிழ் அன்பர்கள் 'மணக்கொடை' என்பார்கள். சீதனம் 'ஸ்திரீதனம்' என்ற வடசொல்லின் திரிபுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மணக்கொடையில் யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பதே தெரியவில்லை. மாப்பிள்ளை வீட்டார் தரும் பரிசமும் மணக்கொடைதானே? தூய்மைக்காகத் தெளிவை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

பம்பாய் அரசர் கைக்குத்தானே போனது என்று கேட்கலாம். போனதுதான், 1668-இல் அதை ஆண்டுக்கு 10 பவுன் வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் கொடுத்தும்விட்டார். ஆனாலும் இந்தத் திருமணத்துக்காக இங்கிலாந்தும் போர்த்துக்கல்லும் செய்த 1661 ஒப்பந்தம் ஒருவழிப் பாதையல்ல. போர்த்துக்கீசிய இளவரசி பிரகான்சாவின் காத்தரீனோடு பம்பாயும், வட ஆப்பிரிக்கத் துறைமுகமான டாஞ்சியரும், 20 லட்சம் குருசாடோ என்ற போர்த்துக்கீசிய நாணயமும் வர வேண்டும். (அந்தப் பணத்தில் ஒரு பகுதி காசாக வராமல் சர்க்கரையாகக் கப்பலில் வந்து இறங்கியது.) எதிர்ப்பக்கம், ஸ்பெயினுக்கு எதிராகப் போர்த்துக்கல்லைக் காக்க இங்கிலாந்து துணை நிற்க வேண்டும், காத்தரீனுக்கு ஆண்டுக்கு 30,000 பவுன் வருமானம் ஒதுக்க வேண்டும்.

இந்த 30,000 பவுனையும் அந்த மொழிபெயர்ப்பாளர் வரதட்சணை என்றே எழுதியிருந்தார்! ஒரே பத்தியில் கொடுத்ததும் வரதட்சணை, வாங்கியதும் வரதட்சணை. அகராதியின் முதல் சொல்லை எடுத்து ஒட்டுகிறவர்கள், பணம் எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போகிறது என்று ஒரு நிமிடம் பார்ப்பதில்லை. முன்னதை 'சீதனம்' என்றும், பின்னதை 'அரசியின் சீவனத்துக்கான வருமானம்' என்றும் திருத்தி அனுப்பினேன்.